விளையாட்டிடமும் ஒரு பாடசாலையே

“பிள்ளை, நீ ஏன் விளையாடவில்லை?” என்று சென்ற வாரம் பூங்காவிலே என் பேர்த்தியைக் கேட்டேன். “அது பெடியன்களுடைய இடம், அம்மம்மா” என்று சொல்லிவிட்டு, மதிலோரத்திலே என்னருகில் அமர்ந்துகொண்டாள். அவளுக்கு வயது ஏழு. வீட்டில் எவரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. பின் எவரிடம் கற்றாள்? அந்த இடமே அவளுக்கு ஆசிரியராயிற்று.

தாய்மாரே, அத்தகைய இடமொன்றைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். நடுவிலே பரந்த வெளி. ஓரத்திலே இரண்டு ஊஞ்சல்கள். பந்தோடு வந்த ஐந்தாறு சிறுவர் நடுவெளியை நிறைத்துவிட்டால், கெந்தி விளையாடவும் கொக்கான் வெட்டவும் விரும்புவோர் ஓரத்திற்கே ஒதுங்க வேண்டியிருக்கின்றது. ஓடுவதும் பாய்வதும் ஆணுக்கு, ஒதுங்கி அமர்வது பெண்ணுக்கு என்ற எண்ணம் பிஞ்சு உள்ளங்களிலே இவ்வாறே வேரூன்றுகின்றது. பந்தில் நாட்டமில்லாத ஆண்பிள்ளையும் அங்கே இடமின்றித் தவிக்கின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா இக்குறையை ஆராய்ந்து பரிகாரமும் தேடிற்று. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அங்கு நடந்த ஆய்வொன்று, ஒன்பது பத்து வயதைக் கடந்ததும் சிறுமியர் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைந்துபோவதையும், சிறுவரோ தொடர்ந்து வருவதையும் வெளிப்படுத்தியது. இடத்திற்காகச் சிறுவரோடு போட்டியிட மனமின்றி அவர்கள் விலகிச் சென்றனர்.

நகராட்சியார் சிறுமியரைக் குறைகூறவில்லை. பூங்காவையே திருத்த முற்பட்டனர். 1999ஆம் ஆண்டில், மார்கரேத்தன் என்னும் ஐந்தாம் வட்டாரத்திலுள்ள இரண்டு பூங்காக்கள் புதிதாய் அமைக்கப்பெற்றன. பரந்த வெளிகள் செடிகொடிகளாலும் நடைபாதைகளாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அதன்பின், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை விரட்டாது, சிறுவரும் சிறுமியரும் பூங்காவைப் பகிர்ந்து பயன்படுத்தலாயினர். அந்நகரிலே, வேலியடைத்த பந்து மைதானங்களுக்குப் பல வாயில்கள் வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. வாயில் ஒன்றேயானால், அதை மறித்து நிற்பவர் மைதானம் முழுவதற்கும் அதிபதியாகிவிடுகின்றார் அன்றோ!

விளையாட்டுப் பொருள்களின் வடிவமும் கவனிக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டு முதலாக ஆம்ஸ்ரடாம் நகரில் நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்களை வகுத்தவர் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக்கலைஞர். மணற்குழி, தாவிச் செல்லும் கற்கள், ஏறி இறங்கும் உலோக வளைவுகள் என்பனவே அவர் அமைத்தவை. சமையலறைபோல் அமைந்த பொருள், ‘இது பெண்ணுக்கு’ என்று சொல்லாமற் சொல்லும். வெறும் வளைவு அவ்வாறு எதையும் சொல்வதில்லை. அதனை மலையாக்குவதும் வீடாக்குவதும் குழந்தையின் கற்பனையைப் பொறுத்தது.

இவற்றிற்கெல்லாம் பெரும் பொருள் வேண்டுமென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆசிரியரும் பெற்றோரும் ஒரு மாலைப்பொழுது பாடசாலை மைதானத்தில் நின்று, நடுவில் எவர், ஓரத்தில் எவர் என எண்ணிப் பார்க்கட்டும். பந்தாட்டத்திற்கு ஓர் எல்லைக்கோடு, கெந்துவதற்கு நிழலுள்ள ஓரிடம், ஊஞ்சலை நடுப்புறத்திற்கு மாற்றுதல் ஆகிய சிறு செயல்களே பெரும் பயன் தரலாம்.

பெண்பிள்ளை கூச்சமுடையவள் என்று தீர்ப்புக் கூறுமுன், அவளுக்கென நாம் விட்டுவைத்த நிலம் எத்தனை அடி என்பதை அளந்து பார்ப்போமாக.