மிச்ச மருந்தைக் கொட்டலாமா?

"தட்டம்மை ஊசி போட்டபின் மிச்ச மருந்தை எறிந்துவிட்டார்களே, வீண்தானே?" என்று அங்கலாய்க்கிறார் புதுக்கோட்டைச் சகோதரி ஒருவர்.

வீணல்ல, அம்மா! புட்டியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது நோயைத் தராமல், நோயை எதிர்க்கும் சக்தியை உடம்பில் வளர்க்கும். வற்றலைப்போல் வெயிலில் காயவைத்தால் செத்துவிடும். ஆகவே உறையவைத்து, காற்றை நீக்கிய கலத்தில் பனியை நேரே ஆவியாக்கிப் பொடியாக்குகிறார்கள். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் பொடி மாதக்கணக்கில் கெடாது. நீர் கலந்தபின் 4 மணி நேரமே ஆயுள். அப்புறம் வீரியம் குன்றும். வேறு கிருமிகளும் புகலாம்.

9 மாதம் முடிந்ததும் ஓர் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. போடுமுன், "எத்தனை மணிக்குக் கலந்தது?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? குழந்தை நம்முடையதல்லவா!