கோடியில் ஒன்றைக் காணும் கண்

1984 டிசம்பரில் பெங்களூரில் கணினியியல் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்று நடைபெற்றது. அமெரிக்காவின் சார்லஸ் பென்னட்டும் கனடாவின் ஜில் பிரசாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று அம்மாநாட்டின் தொகுப்பில் 175ஆம் பக்கத்தில் தொடங்கி 179ஆம் பக்கத்தில் முடிகிறது. அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே. இன்று குவாண்டம் மறையியல் என வழங்கும் துறை அந்த ஐந்து பக்கங்களிலிருந்தே கிளைத்தது.

அக்கட்டுரையின் வேர் வங்கித் தொழிலில் இருக்கிறது என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டீபன் வீஸ்னர் என்ற இளம் ஆய்வாளர், எவராலும் நகலெடுக்க இயலாத பணத்தாள் ஒன்றைக் கற்பனை செய்தார். தாளுக்குள் சில ஒளித்துகள்களைச் சிறைப்படுத்தி வைத்தால், கள்ளநோட்டு அடிப்பவன் அவற்றை அளந்து பார்க்க வேண்டியிருக்கும். அளந்த மாத்திரத்தில் அவற்றின் நிலை குலைந்துவிடும். இக்கருத்து அச்சேற 1983 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு முன்பே, 1979இல், போர்ட்டோ ரிக்கோவின் கடலில் நீந்திக்கொண்டிருந்த பிரசாரிடம் பென்னட் நீந்திச் சென்று வீஸ்னரின் பணத்தாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார் என்பது இத்துறையில் பலரும் அறிந்த கதை. ஒளியைத் தாளில் அடைத்து வைப்பது நடவாத காரியம். ஆனால் ஒளி ஓடக்கூடியது. எனவே நோட்டைக் கைவிட்டு, இரகசியச் சாவியை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பலாம் என்று இருவரும் எண்ணினர். வழியில் எவரேனும் எட்டிப் பார்த்தால் அந்தத் தடயம் மறுமுனையில் தெரிந்துவிடும்.

நாற்பது ஆண்டுகளாக நாம் இந்தப் பூட்டைப் பற்றியே பேசி வருகிறோம். மறுமுனையில் அமர்ந்து துகள்களை எண்ண வேண்டிய கண்ணைப் பற்றிப் பேசுவது குறைவு. என் கவலை அதைப் பற்றியதே.

தொலைத்தொடர்புக்கான கண்ணாடி இழையில் ஓடுவது 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. இழையில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது அந்த நிறத்துக்குத்தான். குறைவு என்றாலும் தொலைவு கூடக்கூட அது பெருகும். நூறு கிலோமீட்டர் கடந்தால் நூறு துகள்களில் ஒன்றே எஞ்சும். பெங்களூரிலிருந்து சென்னை வரையிலான ஏறத்தாழ 350 கிலோமீட்டரையும் ஒரே இழையில் கடந்தால் எஞ்சுவது கோடியில் ஒன்று. வழியில் பெருக்கிகளை வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பெருக்குவது நகலெடுப்பதற்கு ஒப்பாகும். நகலெடுக்க இயலாது என்பதுதான் பூட்டின் வலிமையே.

நொடிக்கு நூறு கோடித் துகள்களை அனுப்பினாலும் மறுமுனைக்கு வந்து சேர்பவை நூறுதான். அவற்றை எண்ணும் கருவியை ஒரு காசாளராக எண்ணிப் பாருங்கள். நம் கைப்பேசியின் கேமராவிலுள்ள சிலிக்கானுக்கு இந்த நிறம் தெரியவே தெரியாது. அவர் நோட்டையே காணாத காசாளர். அதற்கென்று உருவாக்கப்பட்ட வேறு குறைக்கடத்தி உணரிகள் நூறு நோட்டுகளில் இருபது, இருபத்தைந்தைத்தான் எண்ணும். அத்தோடு, வராத நோட்டுகளையும் நொடிக்குப் பல நூறு என்று வரவு வைத்துவிடும். உண்மையாக வந்தவை நூறு, பொய்யாக எழுதப்பட்டவை பல நூறு என்றால் அந்தக் கணக்கேட்டை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்?

இச்சிக்கலுக்கு விடை 2001இல் மாஸ்கோவில் கிடைத்தது. நையோபியம் நைட்ரைடு என்னும் சேர்மத்தை ஏறத்தாழ ஐந்து நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகப் படியச்செய்து, அதில் தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் கம்பியைச் சிக்குக் கோலம்போல் வளைத்து வளைத்துச் செதுக்குகிறார்கள். அதைச் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 270 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கும்போது அது மீக்கடத்தியாகிறது. அதாவது மின்சாரம் தடையே இன்றி ஓடுகிறது. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இக்கருவிக்கு அப்படியே பொருந்தும். கம்பி தாங்கக்கூடிய எல்லையை ஒட்டி மின்னோட்டத்தை ஏற்றி வைக்கிறார்கள். ஒரே ஓர் ஒளித்துகள் வந்து விழுந்தாலும் அவ்விடம் கணநேரம் சூடேறி மீக்கடத்தும் நிலை முறிகிறது; ஒரு மின்துடிப்பு எழுகிறது; ‘ஒன்று’ என்று எண்ணப்படுகிறது. நொடியின் கோடியில் சில பங்குக்குள் கம்பி மீண்டும் குளிர்ந்து அடுத்த துகளுக்காகக் காத்திருக்கிறது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2013இல் இவ்வகைக் கருவியைக் கொண்டு நூறில் 93 துகள்களைப் பிடித்துக் காட்டியது. பின்னர் அது 98 வரை உயர்ந்தது. பொய் எண்ணிக்கையோ மிகச் சொற்பம்.

இக்கருவிகளை விற்கும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான் ஆகிய இடங்களில் உள்ளவை. நமது மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் 2024 நவம்பரில் தெரிவு செய்யப்பட்ட எட்டுப் புதிய தொழில் நிறுவனங்களுள் ஒன்றான பெங்களூரின் குவான்2டி டெக்னாலஜீஸ் நான் மேலே விவரித்த மீக்கடத்தி உணரிகளைச் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. டெல்லியின் குவானாஸ்ட்ராவும் மீக்குளிர் சாதனங்களிலும் இத்தகைய உணரிகளிலும் ஈடுபட்டிருக்கிறது. குவாண்டம் சாவிப் பரிமாற்றக் கருவிகளை விற்கும் க்யூநு லேப்ஸும் பெங்களூரைச் சேர்ந்ததே. ராமன் ஆராய்ச்சி நிலையமோ இஸ்ரோவுடன் இணைந்து இத்துறையில் பல ஆண்டுகளாகச் சோதனைகள் நடத்தி வருகிறது. (அந்நிலையத்தை நிறுவிய சர் சி. வி. ராமன் 1907 முதல் பத்தாண்டுக் காலம் நிதித்துறையின் கணக்கு அதிகாரியாகப் பணியாற்றியவர். ஒளியையும் ரூபாயையும் ஒரே காலத்தில் கணக்கிட்டவர் அவரைத் தவிர வேறெவரும் என் நினைவுக்கு வரவில்லை.)

ஆக, இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பொறுமையான பணத்துக்குத்தான்.

குளிர் சாதனத் தொழில்நுட்பத்தில் நாம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறோம். கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பத்தை வழங்க 1991இல் உடன்பட்ட ரஷ்யா, அமெரிக்காவின் அழுத்தத்தால் 1993இல் பின்வாங்கி ஆயத்த எஞ்சின்களை மட்டும் தந்தது. இஸ்ரோ தன் சொந்த எஞ்சினுடன் வெற்றி கண்டது 2014 ஜனவரியில். இருபது ஆண்டுகள்! 2024 செப்டம்பரில் குவாண்டம் கணினிகளுக்கும் அவற்றின் மீக்குளிர் சாதனங்களுக்கும் அமெரிக்கா புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை விதித்தபோது எனக்கு அந்த 1993தான் நினைவுக்கு வந்தது.

மறுதரப்பின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் குவாண்டம் சாவிப் பரிமாற்றத்தைப் பரிந்துரைக்கவில்லை. குவாண்டம் கணினியாலும் உடைக்க இயலாதவை எனக் கருதப்படும் புதிய கணித முறைகளே போதும், அவற்றை மென்பொருளாகவே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவற்றின் நிலைப்பாடு. அதற்கான முதல் மூன்று தரநிலைகளும் 2024 ஆகஸ்டில் வெளிவந்துவிட்டன. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. மேலும், இன்று உங்கள் சேமிப்பைக் கொண்டுபோவது குவாண்டம் கணினி அன்று. தொலைபேசியில் கனிவாகப் பேசி ஓடிபியைக் கேட்டுப் பெறும் மனிதன்தான்.

ஆயினும் பூட்டு தேவையற்றுப் போனாலும் கண் வீணாகாது. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் ஏறத்தாழ 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அகச்சிவப்பு லேசர் கற்றையில் ஒரு காணொளியை அனுப்பியது. அதில் வந்தது டேட்டர்ஸ் என்னும் பூனை. கலிபோர்னியாவின் பலோமர் மலைத் தொலைநோக்கியில் அந்த மங்கலான ஒளியைத் துகள் துகளாக எண்ணி எடுத்தது மீக்கடத்தி நுண்கம்பி உணரியே. வேற்றுக் கோள்களுக்குக் கலம் அனுப்பும் நாட்டுக்கு இந்தக் கண் எதற்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இதில் வங்கிகளின் பங்கு என்ன? கடன் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு குளிர்பெட்டியையும் சில சில்லுகளையும் பிணையாக வைத்துக்கொண்டு எந்தக் கிளை மேலாளரும் கையெழுத்திட மாட்டார். அவரைக் குறைகூறவும் இயலாது, அது வாடிக்கையாளரின் வைப்புத்தொகை. ஆராய்ச்சிக்கான நீண்டகாலக் கடனுக்கென ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்திருக்கிறது. அந்தச் சுமையை அது ஏற்கட்டும். வங்கிகள் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் கடன் தருவதைவிட எளியது: வாங்குவது. முன்னனுபவ நிபந்தனையிலிருந்து புதிய நிறுவனங்களுக்கு விலக்களிக்கக் கொள்முதல் விதிகள் இடந்தருகின்றன. ஆனால் இடந்தருவது வேறு, விலக்களிப்பது வேறு. ஒப்பந்தப்புள்ளியைத் தயாரிப்பவர், வெளிநாட்டுப் பொருளை வாங்கிப் பழுதானால் தம்மை எவரும் கேள்வி கேட்கமாட்டார் என்பதை நன்கறிவார்.

ஒவ்வொரு பெரிய வங்கிக்கும் தரவு மையம் ஒன்றும் பேரிடர் மீட்பு மையம் ஒன்றும் உண்டு. ஏதேனும் ஒரு வங்கி, பெங்களூர் வட்டாரத்தில் ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள தன் அலுவலகங்கள் இரண்டைத் தேர்ந்து, அவற்றுக்கிடையே ஓர் இழையை ஒதுக்கி, அதன் முனையில் இந்நகரில் செய்த உணரியைப் பொருத்தட்டும். உண்மையான பணப் பரிமாற்றத்தை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. கருவி எத்தனை நாள் ஓடியது, எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்பதை மட்டும் ஓராண்டின் முடிவில் பங்குதாரர்களுக்கான அறிக்கையில் ஒரு பக்கமாக வெளியிடட்டும். அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் உற்பத்தியாளர் இரண்டாவது வாடிக்கையாளரின் கதவைத் தட்ட முடியும்.