5893-ஐ யார் அளந்தீர்கள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கும் கோபத்தில்தான் எழுத வந்தது.

போன ஞாயிறு அக்கா பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். பழக்கதோஷத்தில் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டினேன். நியூட்டன் வளையங்கள். சோடியம் ஒளியின் அலைநீளம் ஆறு வரிசையிலும் 5893 ஆங்ஸ்ட்ராம். ஓரிடத்தில்கூட 5892 இல்லை! "எப்படிம்மா?" என்றேன். "விடையை வச்சுப் பின்னாலேருந்து போட்டோம் தாத்தா, எல்லாரும் அப்படித்தான்" என்றாள், கூச்சமே இல்லாமல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னால், "மார்க் வந்தா சரி, இதுல என்ன இருக்கு சித்தப்பா" என்று ஒரு பதில். அதற்குப் பதினோரு கட்டைவிரல்.

இருக்கிறது. சொல்கிறேன்.

இயற்பியல் படிக்காத உறவுகளுக்காக: தட்டையான கண்ணாடி மேல் ஒரு குவிலென்ஸை வைத்தால் நடுவே மெல்லிய காற்றுப் படலம் நிற்கும். அதன் மேல் பரப்பிலும் கீழ்ப் பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, வெளிச்சமும் இருட்டுமாக வளையங்கள் தெரியும். வளையத்தின் விட்டத்தை அளந்தால் அலைநீளம் கிடைக்கும். லென்ஸின் வளைவு ஆரம் 100 செ.மீ. என்றால் பத்தாவது இருட்டு வளையத்தின் விட்டம் அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ட்ராவலிங் மைக்ராஸ்கோப்பில் வாசிக்க முடிவது 0.001 செ.மீ. வரை. அந்த ஒன்று பிசகினாலே, பத்தாவதையும் இருபதாவதையும் வைத்துப் போடும் கணக்கில் விடை சுமார் 25 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போகும். ஆறு முறையும் 5893 வருவது மனிதக் கண்ணால் ஆகிற காரியமில்லை. அந்த நோட்டுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் 5893 என்று சோடியத்தில் ஒரு கோடே கிடையாது. 5890, 5896 என்று இரண்டு கோடுகள். அவற்றின் சராசரிதான் நாம் மனப்பாடம் செய்த எண். 1862-இல் ஃபிஸோ லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டி வளையங்களை எண்ணிக்கொண்டே போனார். 490-ஐ ஒட்டி வளையங்கள் மங்கி மறைந்தன. 980-ஐ ஒட்டி மறுபடி தெளிந்தன. ஒன்றின் வெளிச்சம் மற்றதன் இருட்டில் விழுந்ததால் வந்த மறைவு அது. மனுஷன் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், ஐயா!

மைக்கேல்சனும் மார்லியும் 1887-இல் ஈதரைத் தேடி ஒளியைக் குறுக்கிட வைத்தார்கள். கணக்குப்படி 0.4 வரி நகர வேண்டும். அதில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை. நம் பிராக்டிகல் ஹாலில் உட்கார வைத்திருந்தால் அவர்களும் 0.4 என்று எழுதி முழு மார்க் வாங்கியிருப்பார்கள். ஈதரும் பிழைத்திருக்கும்.

சரி, குற்றவாளி யார்? அந்தப் பெண் இல்லை. நான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பையன் 5610 கொண்டுவந்தான். ஓரத்தில், "நடுவட்டம் இருட்டாக இல்லை, வெளிச்சமாக இருந்தது" என்றும் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதை அடித்து மூன்று மார்க் குறைத்தேன். லென்ஸுக்கடியில் தூசி இருந்தால் நடுவட்டம் வெளிச்சமாகத் தெரியலாம். அவன் கண்ணால் கண்டதை எழுதினான். விட்டங்களின் வர்க்க வித்தியாசத்தை எடுக்கும்போது அந்தத் தூசியின் பிழை கழிந்துவிடும். ஆகவே தப்பு பெரும்பாலும் வளைவு ஆரத்தில் இருந்திருக்கும். நான் உட்கார்ந்து அதைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. அடுத்த வாரம் 5893 கொண்டுவந்தான். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாலஸ் விதியும் இதே கதைதான். இரண்டு போலராய்டுகளை 90 டிகிரியில் குறுக்காக வைத்தால் ஒளி நிற்க வேண்டும். ஆனால் ஜன்னலில் திரை கிழிந்த லேபில் மீட்டர் முள் எங்கே சுழிக்கு வரும்? வராது. எல்லா நோட்டிலும் சுழி.

மூன்று மணி நேரம், ஆறு பேருக்கு ஒரு சோடியம் விளக்கு, அதுவும் சிவந்து மஞ்சளாகவே பல நிமிடம் ஆகும். எல்லாம் தெரியும், அந்த லேபில்தான் கிடந்தேன். அதற்காக இப்போது செல்போனில் பொம்மை லேப் காட்டுகிறார்கள். பேத்தியும் காட்டினாள். அழகாகத்தான் இருக்கிறது. தூசி மட்டும் இல்லை. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே கோரிக்கை: விடைக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். ரீடிங்குக்கும், ஏன் தள்ளிப்போனது என்று பிள்ளை எழுதும் இரண்டு வரிக்கும் போடுங்கள்.

5610 கொண்டுவந்தவனே, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும். பெயர் சொல்லவில்லை. பழைய நோட்டு இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. அந்த மூன்று மார்க் என்னிடம்தான் இருக்கிறது.