டிராம் பெட்டி மட்டும்தான் பாரம்பரியமா? கன்ட்ரோலர் என்ன ஆகும்?

கொல்கத்தா டிராம் சேவையை முடித்துக்கொண்டு, மைதான் - எஸ்பிளனேடு தடத்தில் மட்டும் பாரம்பரிய அடையாளமாக ஓட்டப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. அதையொட்டிய பேச்செல்லாம் பெரும்பாலும் பெட்டி, தண்டவாளம், மணிச் சத்தம் பற்றித்தான். ஓட்டுநருக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற இரும்புக் கூடு யார் கண்ணிலும் படவில்லை. அதுதான் கன்ட்ரோலர். டிராமின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்கிறீர்களா? மேல்கம்பியில் வருவது சுமார் 550 வோல்ட் நேர்திசை மின்சாரம். நிற்கிற மோட்டாருக்கு அதை அப்படியே கொடுத்தால் சுருள் கருகிவிடும். அதனால் முதலில் இரண்டு மோட்டார்களையும் தொடரிணைப்பில் வைத்து, நடுவே மின்தடைகளையும் சேர்ப்பார்கள். கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பத் திருப்ப, தடைகள் ஒவ்வொன்றாக விலகும். எல்லாம் விலகியதும் ஆளுக்குப் பாதி மின்னழுத்தம், ஏறக்குறைய பாதி வேகம். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறும். மறுபடி தடைகள் வரும், மறுபடி விலகும்.

கூட்டைத் திறந்தால் உள்ளே செங்குத்தான ஓர் உருளை, அதில் செம்புப் பட்டைகள், அவற்றை அழுத்திக்கொண்டு விரல்கள் மாதிரி தொடுமுனைகள். பிரியும்போது பொறி பறக்கும். அதை ஊதி அணைக்க ஒரு மின்காந்தம். அவ்வளவுதான்! ஆனால் அவசரமாகத் திருப்பினால் வண்டி குலுங்கும். நடுப்படியில் ரொம்ப நேரம் நிறுத்தினால் தடைகள் சூடேறும். இதெல்லாம் கை பழகித்தான் வரும்.

பல பெட்டி ரயிலுக்கு இந்த முறை சரிப்படவில்லை. அத்தனை மின்சாரத்தையும் ஓட்டுநர் கைக்கடியில் கொண்டுவர முடியாதே. 1897-ல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக் வழி கண்டுபிடித்தார். ஓட்டுநரின் கன்ட்ரோலரில் ஓடுவது சிறிய மின்சாரம். அது ஒவ்வொரு மோட்டார் பெட்டியின் அடியிலும் இருக்கும் சுவிட்சுகளை ஒரே நேரத்தில் இயக்கும். நம் புறநகர் மின்ரயிலின் அடிப்படையும் அதே யோசனைதான்.

மின்தடைகளில் மின்சாரம் வெறும் சூடாக வீணாகிறது, எலெக்ட்ரானிக் முறைக்கு மாறினால் மிச்சம் என்பார்கள். உண்மைதான். தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிற டிராம் என்றால் நானும் மாற்றத்தான் சொல்வேன். பாரம்பரியத்துக்கென்றே ஓடும் ஒரு சின்னத் தடத்தில் எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

சென்னையில் 1895-ல் ஓடத் தொடங்கிய மின்டிராம் 1953-ல் நின்றது. அதை ஓட்டிய கைகளின் பழக்கமும் அதோடு போயிற்று. கொல்கத்தாவில் இன்னும் நேரம் இருக்கிறது. சில வண்டிகளிலாவது பழைய உருளைக் கன்ட்ரோலர் இருக்கட்டும். தேய்கிற தொடுமுனைகளைச் செய்ய ஒரு பட்டறை வேண்டும். ஓய்வுபெறும் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, நாலு இளைஞர்களுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள்.