உடுப்பும் ஒரு கல்வியே

ஆடை அமைப்பைக் கற்க விழைவதாக ஒரு மாணவி சொன்னால், “தையற்காரியாவதற்கா இத்தனை படிப்பு?” என்கின்றனர் பெற்றோர். மருத்துவத்தையும் பொறியியலையும் நினைவூட்டுகின்றனர் ஆசிரியர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் சிலரோ, அது முதலாளித்துவச் சந்தை மூட்டிய மோகம் எனத் தீர்ப்பு வழங்குகின்றனர். இம்மூன்று தீர்ப்புகளையும் நாம் மறுக்கிறோம்.

மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, கல்முனையை அடுத்து மருதமுனை இருக்கிறது. அவ்வூர் முஸ்லிம் நெசவாளர் தலைமுறை தலைமுறையாகத் தறியில் வாழ்ந்தவர். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய எழுபதுகளின் முற்பகுதியில் கைத்தறி செழித்தது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. பிறநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தது. தறிகள் பல ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் அவ்வூரை அழித்தது. ஆயினும் சாரமும் சேலையும் இன்றும் அங்கே நெய்யப்படுகின்றன. எந்த நிறத்தோடு எந்த நிறம் இணங்கும், கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதைப் பாவோட்டும்போதே கணக்கிடும் அறிவு அது. அவ்வறிவுக்கு நாம் இட்ட பெயர் கூலிவேலை!

இந்நாட்டின் பண்ட ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 40 வீதம் ஆடையால் வருகிறது. 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தோன்றியது; 2009இல் போர் முடிந்தபின் நம் மாவட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. நம் பெண்கள் அங்கே செல்கின்றனர், பிறர் வரைந்த கோட்டின்மீது ஊசி ஓட்டுவதற்கு. நம் பிள்ளைகளுக்கு ஊசி போதும், பென்சில் வேண்டாம் என்பதா நமது கொள்கை? கையையும் மூளையையும் பிரித்துவைப்பதில் அன்றோ சுரண்டல் வேர்கொள்கிறது! ஆடை அற்பப் பொருளாயின், 1921இல் காந்தி பம்பாயில் அந்நியத் துணிக்குத் தீ மூட்டியது எதற்காக?

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆடை அமைப்பில் பட்டநெறி நடத்துகிறது. அதற்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு, கற்பிப்பதோ ஆங்கிலத்தில். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வாவிக்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு அப்பரீட்சைக்கான வழிகாட்டல் எங்கே? தனியார் நிறுவனங்களின் கதவு பணமுடையார்க்கே திறக்கும். ஆகவே, இது மோகத்தைப் பற்றிய வழக்கன்று. கல்வியுரிமையைப் பற்றிய வழக்கு.

மருதமுனைக்குச் சற்றுத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். வழக்கொழிந்த யாழைக் கணிதங்கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலைத் தந்தார். நரம்புக்கு ஒரு நூல் எழுந்த மண்ணில் நூலுக்கு ஒரு நூல் எழலாகாதா? கல்லடியில் அவர் பெயர் தாங்கி நிற்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நெசவுக்கும் ஆடை அமைப்புக்கும் தனித்துறை வேண்டும். மருதமுனை நெசவாளர் அங்கே ஆசானாக அமரவேண்டும்; கற்பித்தல் தமிழிலும் நிகழவேண்டும்.

அதுவரை ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உடுப்பை வரையும் மாணவியின் கொப்பியைப் பறித்து வைப்பதை நிறுத்தி, அவளைத் தறியடிக்கு அழைத்துச் செல்வோம்.