ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாற்றுவது 8 போல்ட் வேலைதான்... ஆனால், கழற்றும் முன் இதைப் படிச்சிடுங்க!

கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் ஜீப்கள் ஏறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றத்தில் இன்ஜினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வண்டியின் அடியில் சுழலும் ஓர் இரும்புக் குழாய். அதுதான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும்.

வண்டி 60 கி.மீ வேகத்தில் போகும்போது இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,800 முறை சுழலும். டயர் அளவையும் கிரவுன் கியரையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். இவ்வளவு வேகத்தில் சுழலும் பொருளில் தேய்மானம் வந்தால் சும்மா விட முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* கியர் மாற்றும்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் அடியில் ‘டங்’ என்று சத்தம் கேட்கும்.
* மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்ற சத்தம் வந்தால், கிராஸ் ஜாயின்ட்டில் கிரீஸ் வற்றிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.
* ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தரையும் சீட்டும் அதிரும்.
* ஜாயின்ட்டைச் சுற்றித் துருப்பொடி படிந்திருக்கும். ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகினால் ஆட்டம் தெரியும்.

கிராஸ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். குழாய் வளைந்திருந்தாலோ, கல் அடித்து நசுங்கியிருந்தாலோ, நீள்வதற்கும் சுருங்குவதற்கும் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்திருந்தாலோ முழு ஷாஃப்டையும் மாற்றுவதே நல்லது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஓடும்போது பின் ஷாஃப்டின் முன்முனை அறுந்தால், அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடலாம். பிரேக் பைப்பையும் டீசல் டேங்க்கையும் அடித்து உடைக்கவும் வாய்ப்புண்டு.

வண்டி உருளும்... கவனம்!

வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ‘கியரில்தானே நிற்கிறது’ என்று நம்பி அடியில் படுப்பார்கள். ஆனால், கியர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதே ஷாஃப்ட் வழியாகத்தான். அதைக் கழற்றிய நொடியில் அந்தப் பிடி போய்விடும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்களிலும் பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டரிலும் ஹேண்ட் பிரேக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால்தான் இருக்கும். ஷாஃப்ட் இல்லையென்றால் அந்த ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது.

அதனால் சரிவே இல்லாத கெட்டித் தரையில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டும். பின் ஷாஃப்டைக் கழற்றுவதென்றால், இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியையோ அடுக்கிய செங்கல்லையோ மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. உதவிக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கழற்றும் முறை

முதல் வேலை, பெயின்ட்டால் கோடு போடுவது. ஷாஃப்டின் ஃப்ளேஞ்ச், அது சேரும் ஃப்ளேஞ்ச், ஸ்ப்ளைன் சேரும் இடம் மூன்றிலும் கோடு வேண்டும். ஃப்ளேஞ்ச் உள்ள மாடல்களில் பெரும்பாலும் முனைக்கு 4 போல்ட் இருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவைத்தால் போல்ட் எளிதில் கழலும். டூ வீல் டிரைவில் நியூட்ரலில் வைத்தால், பின் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு போல்ட்டையும் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவரலாம். தளர்த்தும்போது உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் ஷாஃப்ட் சுற்றாது. கடைசி போல்ட்டை எடுக்கும் முன் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது நல்ல கனம். முகத்துக்கு நேராக விழும்.

மாட்டும்போது

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் வழக்கமான அமைப்பு. சாய்வான கோணத்தில் சுற்றும் கிராஸ் ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்கும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சரிசெய்கிறது. ஸ்ப்ளைனில் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இந்தக் கணக்கு தப்பும். புது ஷாஃப்ட் போட்டும் அதிர்வு போகாது.

போல்ட்டும் நட்டும் புதிதாக இருக்கட்டும். வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன் வைத்து, பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். பிறகு 20, 40, 60 கி.மீ என வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

எப்போது பட்டறைக்குப் போகலாம்?

நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட், பேலன்ஸ் போன ஷாஃப்ட், வெல்டிங் தேவைப்படும் ஷாஃப்ட்... இவை மூன்றும் வீட்டு வேலை அல்ல. ஸ்டாண்டும் சமதரையும் இல்லாத வீட்டிலும் அப்படித்தான். மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி வந்த வண்டிக்கு அன்றே கிரீஸ் அடிக்கும் பழக்கம் இருந்தால், இந்த வேலைக்கே சீக்கிரம் அவசியம் வராது.