துணிவுக்குக் கைதட்டல் போதுமா?

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், ரியோ ஒலிம்பிக் போட்டியில் 0.150 புள்ளியில் பதக்கத்தை இழந்தார் அகர்த்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்துப் பெண் ஜூலியா ஸ்டைன்குரூபர் பெற்றது 15.216, தீபா பெற்றது 15.066. இந்தியப் பெண்ணொருத்தி ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்டதே அதுதான் முதன்முறை. நாடே அவரைப் போற்றியது. போற்றியதில் பிழையில்லை. ஆனால் எதைப் போற்றினோம்? உயிரைப் பணயம் வைத்துத் தாவினார் என்பதையே பெரிதும் போற்றினோம். இதைச் சற்றே சிந்திக்க வேண்டும், தோழர்களே!

அவர் செய்தது 'புரொடுனோவா' என்னும் தாவல். ஓடிவந்து, மேசையில் கையூன்றி எழும்பி, முன்புறமாக இருமுறை காற்றில் கரணமடித்துக் காலூன்றி இறங்க வேண்டும். இறங்கும் தரை கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கணத்தில்தான். கணக்குத் தவறினால் கழுத்துக்கே ஆபத்து. 'மரணத் தாவல்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய தாவல் இது.

அறிவியல் மாணவர்களாகிய நாம் எண்களைப் பார்ப்போம். ஒவ்வொரு தாவலுக்கும் கடினத்துக்கென ஒரு மதிப்பும், செய்நேர்த்திக்கெனப் பத்துக்கு ஒரு மதிப்பும் உண்டு. அன்று புரொடுனோவாவின் கடின மதிப்பு 7.0. தீபாவின் செய்நேர்த்திக்குக் கிடைத்தது 8.266. தங்கம் வென்ற அமெரிக்கரான சிமோன் பைல்ஸ் தேர்ந்த தாவல்களின் கடின மதிப்பு அதைவிடக் குறைவே. ஆயினும் செய்நேர்த்தியில் 9.5-ஐக் கடந்து, 15.966 என்னும் சராசரியோடு முதலிடம் பெற்றார்.

செய்நேர்த்தி எங்கிருந்து வருகிறது? நல்ல மெத்தையும், நுரைப்பஞ்சு நிறைத்த குழியும், முறையான கருவிகளும் இருக்குமிடத்தில் ஆயிரம் முறை பயமின்றி விழுந்து எழுவதால் வருகிறது. அகர்த்தலாவிலோ, பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பழைய ஸ்கூட்டர் உறுப்புகளைக் கொண்டு உந்துபலகை செய்துகொடுத்தார். வசதியற்றவளிடம் மிஞ்சியிருக்கும் முதல் துணிவு ஒன்றே. அதை வைத்து அவள் ஆடுகிறாள்; நாம் கைதட்டுகிறோம். மெத்தை வாங்கித் தராத நமது குறை அந்தக் கைதட்டலில் மறைந்துபோகிறதன்றோ?

ஆபத்தில்லாத விளையாட்டு ஏது என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் வேறு வழியும் உள்ளவள் ஆபத்தைத் தேர்ந்தால் அது வீரம். வேறு வழியே இல்லாதவள் தேர்ந்தால் அது நிர்ப்பந்தம். ரியோவுக்குப் பின் அத்தாவலின் மதிப்பை 6.4 ஆகக் குறைத்தார்கள். 2017இல் தீபாவுக்கு முழங்காலில் அறுவை நடந்தது. எனினும் 2024 மே மாதம் தாஷ்கண்டில், தம் 30ஆம் வயதில், இதே தாவல் பிரிவில் ஆசியத் தங்கம் வென்றார். அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

நாம் வந்து படிக்கும் இந்தக் கேரள நாடு கரணக் கலையை நன்கறிந்தது. 1901இல் தலச்சேரி அருகே சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். பின்னாளில் கேரளப் பெண்கள் பலர் கூடாரங்களில் உயரத்திலே ஊஞ்சலாடினர், பார்த்தவர் வியந்தனர். அவர்களுக்கும் கிடைத்தது பெரும்பாலும் கைதட்டல்தான்.

காரியவட்டத்தில் நம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. நம் மாணவியரில் எத்தனை பேர் அங்கே கால் வைத்திருக்கிறோம்? சங்க விழாவில் எங்களுக்கென இருப்பவை கோலப் போட்டியும் இசை நாற்காலியும்! இவ்வாண்டு பரிசுக் கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இரண்டு நல்ல மெத்தைகள் வாங்குவோம். வாரம் ஒரு மாலை, தேர்ந்த பயிற்சியாளர் ஒருவரின் கண்பார்வையில் மாணவியர் பயில ஏற்பாடு செய்வோம். ஒலிம்பிக் வீராங்கனை எவரும் இங்கிருந்து தோன்றாமற் போகலாம். கவலையில்லை. விழுந்தால் எழலாம் என்ற நம்பிக்கையோடு நாலு பெண்கள் குதிக்கக் கற்றால், அதுவே நம் சங்கத்துக்குப் பெருமை.